பூச்சியங்கள் தெரிந்தால் பல்லுறுப்புக் கோவை தெரிந்துவிடுமா?

அம்பாசமுத்திரத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஒருவர் மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். சுருக்கம் இது:

“−2, 1, 3 என்ற பூச்சியங்களையும் (2, −8) என்ற புள்ளியையும் கொடுத்து முப்படிப் பல்லுறுப்புக் கோவையைக் கேட்டேன். ஒரு பிள்ளை x³ − 2x² − 5x + 6 என்று எழுதினாள். இன்னொரு பையன் 2x³ − 4x² − 10x + 12 என்றான். இரண்டிலும் பூச்சியங்களைப் போட்டுப் பார்த்தால் 0 வருகிறது. எது சரி அண்ணாச்சி? அடுத்தது, √2 + √5 ஒரு பூச்சியம் என்றால் அதற்கு இணையாக எதை எடுப்பது? கடைசியாக, இதெல்லாம் எதுக்கு சார் என்று பையன்கள் கேட்கிறார்கள். நம்ம பக்கத்தில் காட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா?”

முதல் கேள்விக்கு விடை: பையன் எழுதியதுதான் சரி. அந்தப் பிள்ளை பாதி வழியில் நின்றுவிட்டாள்.

பூச்சியம் 3 என்றால், அதாவது x = 3 போட்டால் கோவையின் மதிப்பு 0 ஆகிறது என்றால், (x − 3) ஒரு காரணி. இது காரணித் தேற்றம், ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. ஆகவே −2, 1, 3 மூன்றும் பூச்சியங்களாக உள்ள எந்த முப்படிக் கோவையும்

P(x) = a(x + 2)(x − 1)(x − 3)

என்ற உருவில்தான் இருக்கும். இங்கே a என்பது 0 அல்லாத ஏதாவது ஓர் எண். அந்த a-யைப் பற்றிப் பூச்சியங்கள் வாயே திறப்பதில்லை. முப்படிக் கோவைக்கு நான்கு கெழுக்கள். நான்கையும் கண்டுபிடிக்க நான்கு செய்திகள் வேண்டும். மூன்று பூச்சியங்கள் மூன்று செய்தி, நான்காவது செய்திதான் (2, −8). x = 2 போட்டால் a × 4 × 1 × (−1) = −4a. அது −8 ஆக வேண்டும் என்பதால் a = 2. அந்தப் பிள்ளையின் விடையில் x = 2 போட்டால் −4 வரும், −8 வராது. அவள் பூச்சியங்களை மட்டும் சரிபார்த்தாள், புள்ளியைச் சரிபார்க்கவில்லை. இந்தப் பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வினாவை எழுதுகிறவரும் இங்கே கவனமாக இருக்க வேண்டும். புள்ளி எதுவும் கொடுக்காமல் “பூச்சியங்கள் −2, 1, 3 கொண்ட ஒரு முப்படிக் கோவை காண்க” என்று கேட்டிருந்தால் இரண்டு விடைகளுக்குமே முழு மதிப்பெண் தர வேண்டும். அந்த ‘ஒரு’வுக்கு எடை அதிகம். “பல்லுறுப்புக் கோவையைக் காண்க” என்று இரண்டாம் வேற்றுமை உருபோடு எழுதிவிட்டால், விடை ஒன்றே ஒன்றுதான் என்று சொன்னதாக ஆகிவிடுகிறது. அப்போது a-யைப் பிடித்து நிறுத்த ஒரு செய்தியையும் வினாவிலேயே வைத்தாக வேண்டும். சமன்பாடு கேட்டால் இந்தச் சிக்கல் இல்லை. x³ − 2x² − 5x + 6 = 0 என்பதை இரண்டால் பெருக்கினாலும் மூலங்கள் மாறாது, இரண்டும் ஒரே சமன்பாடு என்றே வைத்துக்கொள்ளலாம். சார்பு என்று வரும்போது y-யின் மதிப்பு முழுக்க இரட்டிக்கிறது, வரைபடம் வேறாகிறது. ‘மூலம்’ என்ற சொல்லைச் சமன்பாட்டுக்கும் ‘பூச்சியம்’ என்ற சொல்லைக் கோவைக்கும் தனித்தனியாக வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. வகுப்பில் இரண்டையும் கலந்து பேசிப் பேசித்தான் பிள்ளைகளுக்கு a மறந்துபோகிறது.

நான்காவது செய்தி புள்ளியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. y வெட்டுத்துண்டு 12 என்று வரலாம், அது P(0) = 12. மிகப் பெரிய அடுக்குள்ள உறுப்பின் கெழு, அதாவது தலைக் கெழு, 2 என்று நேராகவே வரலாம். கெழுக்களின் கூடுதல் இவ்வளவு என்று வரலாம், அது P(1). (x − 4) ஆல் வகுத்தால் மீதி 36 என்று வரலாம். மீதித் தேற்றப்படி அது P(4) = 36, அதாவது a × 6 × 3 × 1 = 36, மறுபடியும் a = 2. வேடம்தான் வேறு, ஆள் ஒன்றுதான். ஒரு கண்ணி மட்டும் உண்டு. மேலே சொன்ன பூச்சியங்களோடு “கெழுக்களின் கூடுதல் 0” என்று யாராவது கொடுத்தால் அது செய்தியே அல்ல. 1 ஏற்கெனவே பூச்சியம், P(1) எப்போதும் 0-தான், a கிடைக்காது. “கூடுதல் 5” என்று கொடுத்தாலோ அப்படி ஒரு கோவையே கிடையாது. அவசரத்தில் வினாத்தாள் தயாரிக்கும்போது இந்த இரண்டும் நடக்கும். தப்பிக்க ஒரே வழி, a-யை முதலில் முடிவுசெய்துவிட்டு, பூச்சியமல்லாத ஒரு x-ஐ எடுத்து y-யைக் கணக்கிட்டு, அந்தப் புள்ளியை வினாவில் கொடுப்பது. எதிர்ப்பக்கத்திலிருந்து போனால் a = 7/13 என்பது போல அசிங்கமாக வந்து நிற்கும்.

காரணி எழுதும்போது நடக்கும் பிழைகள் மூன்று. −2-க்கு (x − 2) எழுதுவது எல்லாருக்கும் தெரிந்த பிழை. பூச்சியம் 0 என்று கொடுத்திருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவது இரண்டாவது. 0-வும் ஒரு பூச்சியம்தான், அதன் காரணி x. பட்டியலில் 0, 2, −5 இருந்தால் விடை ax(x − 2)(x + 5). மூன்றாவது பின்னத்தில் வருவது. 3/2, −2/5 என்ற பூச்சியங்களுக்கு (2x − 3)(5x + 2) என்று எழுதினால் கை வலிக்காது: 10x² − 11x − 6. ஆனால் இப்படி எழுதியபோதே தலைக் கெழுவாக 10 உள்ளே புகுந்துவிட்டது. “தலைக் கெழு 1” என்று வினா சொல்லியிருந்தால் இதைப் பத்தால் வகுக்க வேண்டும்: x² − (11/10)x − 3/5. “தலைக் கெழு 20” என்றால் இரண்டால் பெருக்கினால் போதும், இருபதால் அல்ல.

விரித்து எழுதுவதற்கு நான் சொல்லும் வழி, கெழுக்களை மட்டும் வரிசையாக எழுதுவது. x, x², x³ என்று ஒவ்வொரு வரியிலும் சுமந்துகொண்டு போவதால்தான் ஒத்த உறுப்புகள் இடம் மாறுகின்றன. (x − r) ஆல் பெருக்க வேண்டுமானால், இருக்கும் வரிசையின் கடைசியில் ஒரு 0 சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வோர் இடத்திலும், அங்கே உள்ள எண்ணிலிருந்து அதற்கு இடப்பக்கம் உள்ள எண்ணின் r மடங்கைக் கழியுங்கள். −2, 1, 3-க்கு இப்படி வரும்:

தொடக்கம் (x + 2): 1, 2

(x − 1) ஆல் பெருக்க, 0 சேர்த்து 1, 2, 0. பிறகு 1; 2 − 1 = 1; 0 − 2 = −2. வரிசை: 1, 1, −2

(x − 3) ஆல் பெருக்க, 0 சேர்த்து 1, 1, −2, 0. பிறகு 1; 1 − 3 = −2; −2 − 3 = −5; 0 + 6 = 6. வரிசை: 1, −2, −5, 6

அவ்வளவுதான்: x³ − 2x² − 5x + 6. கடைசியில் a = 2 ஆல் பெருக்கினால் 2, −4, −10, 12. கூர்ந்து பார்த்தால் இது தொகுமுறை வகுத்தலைப் பின்னோக்கி ஓட்டுவதுதான். அங்கே r மடங்கைக் கூட்டுகிறோம், அதுவும் புதிதாகக் கிடைத்த எண்ணை எடுத்து. இங்கே பழைய வரிசையின் எண்ணை எடுத்துக் கழிக்கிறோம். புதிய எண்ணை எடுத்துவிட்டால் விடை தப்பும், அதனால் பழைய வரிசையை அழிக்காமல் அதன் கீழே புதிய வரிசையை எழுதச் சொல்லுங்கள். இந்த ஒற்றுமை பிடிபட்ட பிள்ளைக்கு இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

பூச்சியங்களையும் கெழுக்களையும் இணைத்துப் பாடநூல் சொல்லும் வியட்டாவின் சூத்திரங்கள் வழியும் இருக்கிறது. பூச்சியங்களின் கூடுதல் 2, இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் −2 − 6 + 3 = −5, மூன்றின் பெருக்கல் −6. குறிகள் மாறி மாறி வருவதால் x³ − 2x² + (−5)x − (−6). மூன்று பூச்சியங்கள் வரை இது வேகமானது. நான்கு ஆகிவிட்டால் இரண்டிரண்டாக எடுக்க 6 பெருக்கல், மூன்று மூன்றாக எடுக்க 4 பெருக்கல், அதில் ஒன்று விட்டுப்போவது சகஜம். ஆகவே நான்குக்கு மேல் வரிசை வழியில் போய், வியட்டாவைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது கெழுவின் குறியை மாற்றித் தலைக் கெழுவால் வகுத்தால் பூச்சியங்களின் கூடுதல் வர வேண்டும். நம் விடையில் 4/2 = 2, சரி. இதற்கு ஐந்து நொடி ஆகாது. (பிரான்சு நாட்டு வியட்டா, 1540 முதல் 1603 வரை வாழ்ந்தவர், மிகை மூலங்களை மட்டுமே கணக்கில் எடுத்தார். குறை எண், கற்பனை எண் எல்லாவற்றையும் சேர்த்துப் பொதுவாகச் சொன்னவர் ஆல்பர் ஜிரார், 1629-இல். பெயர் என்னவோ முந்தியவருக்கே நின்றுவிட்டது.)

இனி இரண்டாவது கேள்வி. இதில்தான் ஆசிரியர்களே தடுமாறுகிறார்கள்.

2 + √3 ஒரு பூச்சியம், கோவையைக் காண்க என்று மட்டும் கேட்டால் x − (2 + √3) என்று ஒருபடிக் கோவையை எழுதிவிட்டு எழுந்து போகலாம், அதில் தப்பே இல்லை. “விகிதமுறு கெழுக்கள் கொண்ட, குறைந்தபட்சப் படியுள்ள” என்ற சொற்கள் வந்தபிறகுதான் 2 − √3-ம் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. எந்த எண்களைக் கெழுக்களாக அனுமதிக்கிறோம் என்பதே எந்தெந்தப் பூச்சியங்கள் சோடியாக வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. காரணம் எளிது. a + b√3 வகை எண்களில் √3 இருக்கும் இடமெல்லாம் −√3 போட்டால் கூட்டலும் பெருக்கலும் குலையாது, விகிதமுறு எண்கள் அசையாமல் நிற்கும். P(2 + √3) = 0 என்ற வரியில் இந்த மாற்றத்தைச் செய்தால் P(2 − √3) = 0 என்று தானாக வந்துவிடும். கெழுக்களுக்குள்ளேயே √3 இருந்தால் அவையும் மாறிவிடும், அதனால் இந்த வாதம் அங்கே செல்லாது. கலப்பெண்ணுக்கும் இதே கதைதான். கெழுக்கள் மெய்யெண்கள் என்றால் 1 − 2i-யோடு 1 + 2i வரும்.

இருபடிக் காரணியைக் கண்டுபிடிக்க (x − 2 − √3)(x − 2 + √3) என்று ஒன்பது உறுப்புகளை விரிக்க வேண்டாம். x = 2 + √3 என்று எழுதி, 2-ஐ இடப்பக்கம் கொண்டுபோய், வர்க்கப்படுத்துங்கள். (x − 2)² = 3, ஆக x² − 4x + 1. 1 − 2i-க்கும் அப்படியே: (x − 1)² = −4, ஆக x² − 2x + 5. 2 + √3, 1 − 2i இரண்டும் ஒரே கோவையின் பூச்சியங்கள், கெழுக்கள் விகிதமுறு எண்கள் என்றால் படி குறைந்தது நான்கு:

(x² − 4x + 1)(x² − 2x + 5) = x⁴ − 6x³ + 14x² − 22x + 5.

சரிபார்க்க x = 1 போடுங்கள். இடப்பக்கம் (−2)(4) = −8. வலப்பக்கம் 1 − 6 + 14 − 22 + 5 = −8. பொருந்துகிறது. x = 1 போடுவது கெழுக்களைக் கூட்டுவதுதான் என்பதால் இது மனக்கணக்காகவே முடிந்துவிடும்.

√2 + √5-க்கு வருவோம். இதற்கு ‘இணை’ √2 − √5 மட்டும்தான் என்று எடுத்தால் என்ன ஆகும்? கூடுதல் 2√2, பெருக்கல் 2 − 5 = −3. கோவை x² − 2√2 x − 3. நடுவில் √2 அப்படியே உட்கார்ந்திருக்கிறது, விகிதமுறு கெழு வரவில்லை. இங்கே இரண்டு மூலக்குறிகள் இருக்கின்றன, இரண்டின் குறியையும் தனித்தனியாக மாற்றலாம். ஆகவே √2 + √5, √2 − √5, −√2 + √5, −√2 − √5 என்று நான்கு பேர் சேர்ந்தால்தான் குடும்பம் முழுமை. அந்த நான்கையும் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரண்டு முறை வர்க்கப்படுத்தினால் போதும். x = √2 + √5 என்றால் x² = 7 + 2√10. ஏழை இடப்பக்கம் கொண்டுபோனால் x² − 7 = 2√10. மறுபடி வர்க்கம்: (x² − 7)² = 40. விரித்தால் x⁴ − 14x² + 9. கடைசி 9 சரியா? நான்கு பூச்சியங்களின் பெருக்கல் (2 − 5)(2 − 5) = 9. சரி.

வர்க்கப்படுத்துவதற்கு முன் மூலக்குறியை ஒரு பக்கத்தில் தனியாக நிறுத்துங்கள். x² = 7 + 2√10 என்ற வரியையே அப்படியே வர்க்கப்படுத்தினால் வலப்பக்கம் 89 + 28√10 ஆகும், √10 போகவே போகாது. மூன்று பக்கம் எழுதிவிட்டு “வரவில்லை” என்று வைப்பவர்கள் செய்வது இதைத்தான்.

கனமூலம் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். ∛2-க்கு இணை −∛2 என்று எழுதுகிறார்கள். இல்லை. −∛2-இன் கனம் −2. x = ∛2 என்றால் x³ = 2, கோவை x³ − 2. மற்ற இரண்டு பூச்சியங்கள் கலப்பெண்கள். குறி மாற்றும் வழக்கம் வர்க்கமூலத்தோடு நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சில வினாக்கள் பிறக்கும்போதே செத்தவை என்று தெரியும். “மெய்க் கெழுக்கள் கொண்ட முப்படிக் கோவையின் பூச்சியங்கள் i, 2i, 3” என்று யாராவது கேட்டால் விடை கிடையாது. −i, −2i இரண்டும் வந்தாக வேண்டும், படி குறைந்தது 5: (x² + 1)(x² + 4)(x − 3). படியைச் சொல்வதற்கு முன் சோடிகளை எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஒரே பூச்சியம் இரண்டு முறை வருவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், மூன்றாவது கேள்விக்குப் போக அது தேவை. வரைபடம் x அச்சை வெட்டிக்கொண்டு மறுபக்கம் போனால் அந்தப் பூச்சியத்தின் மடங்கு (அது எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை) ஒற்றைப்படை. அச்சைத் தொட்டுவிட்டு வந்த பக்கமே திரும்பினால் இரட்டைப்படை. −1-இல் தொட்டுத் திரும்பி, 4-இல் வெட்டி, (0, −8) வழியாகப் போகும் வளைவரைக்குக் குறைந்தபட்சப் படியில் a(x + 1)²(x − 4). x = 0 போட்டால் −4a = −8, a = 2. விரித்தால் 2x³ − 4x² − 14x − 8. வரைபடம் இல்லாமல் “படி 3, பூச்சியங்கள் −1, 4” என்று மட்டும் சொன்னால் எது இரட்டை என்று தெரியாது, இரண்டு குடும்பங்கள் கிடைக்கும்.

ஊரில் காட்ட என்ன இருக்கிறது? அம்பாசமுத்திரத்துக்காரருக்கு வாய்க்காலை விட வேறு என்ன வேண்டும். கரைக்குக் கரை 12 மீட்டர் அகலமுள்ள ஒரு கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள் (அளவுகள் கணக்குக்காக நான் வைத்தவை). தண்ணீர் அடைத்திருக்கும் நாளில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கயிறை இழுத்துக் கட்டுங்கள். கயிறுதான் x அச்சு. இடக்கரையில் x = 0, வலக்கரையில் x = 12, இரண்டு இடத்திலும் ஆழம் 0. ஆகப் பூச்சியங்கள் 0, 12. கயிற்றிலிருந்து கீழே தரைவரை கழியால் அளந்து, ஆழத்தைக் குறை எண்ணாக எழுத வேண்டும்.

நடுவில், 6 மீட்டரில், ஆழம் 1.8 மீட்டர் என்றால் y = ax(x − 12)-இல் a × 6 × (−6) = −1.8, ஆக a = 1/20. கரையிலிருந்து 2 மீட்டரில் ஆழம் (1/20) × 2 × 10 = 1 மீட்டர் என்று இந்தக் கோவை சொல்லும். அளந்து பார்த்து ஒத்துவந்தால் நல்லது.

ஆனால் வளைவில் இருக்கும் கால்வாய் இப்படிச் சமமாக இருக்காது. உள்வளைவில் வண்டல் ஏறும், வெளிவளைவைத் தண்ணீர் அறுக்கும். 4 மீட்டரில் 1.6, 8 மீட்டரில் 2.0 என்று அளவு வந்ததாக வைத்துக்கொள்வோம். இருபடிக் கோவை இதற்குப் போதாது. அதில் 4-லும் 8-லும் ஒரே ஆழம்தான் வரும். மூன்றாவதாக ஒரு பூச்சியம் c என்று வைத்து முப்படிக்குப் போங்கள்: y = ax(x − 12)(x − c).

x = 4: a × 4 × (−8) × (4 − c) = −1.6, ஆக a(4 − c) = 0.05.
x = 8: a × 8 × (−4) × (8 − c) = −2.0, ஆக a(8 − c) = 0.0625.

கழித்தால் 4a = 0.0125, a = 1/320. பிறகு 4 − c = 16, c = −12. கோவை: y = (1/320) x(x − 12)(x + 12).

இந்த −12-ஐத்தான் பையன்களிடம் கேட்க வேண்டும். இடக்கரைக்கு அந்தப் பக்கம் 12 மீட்டர் தள்ளி, வயலுக்குள் ஒரு பூச்சியம். அங்கே கால்வாய் இல்லை, ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் பூச்சியம் இருப்பதால்தான் ஆழம் வலப்பக்கம் சாய்கிறது. c-யை வெகு தூரத்துக்குத் தள்ளினால் சாய்வு குறைந்து, வடிவம் பழைய இருபடியை நெருங்கும். வகையிடல் தெரிந்தவர்களைக் கேட்டால் மிக ஆழமான இடம் x = √48, ஏறத்தாழ 6.93 மீட்டரில், ஆழம் 2.08 மீட்டர் என்று சொல்வார்கள். கூடவே, x = 20 போட்டால் 16 மீட்டர் உயரம் வருகிறதே, வலக்கரையில் மலையா இருக்கிறது என்றும் கேளுங்கள். கோவை 0 முதல் 12 வரைக்கும்தான் செல்லும் என்பதை அந்தக் கேள்வியே புரியவைத்துவிடும்.

இன்னொன்று, திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியில் 1843-இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலம். பழைய பாலத்துக்கு 11 வளைவுகள். வளைவுகள் எல்லாம் ஒரே அகலம், தூண்கள் 0, 1, 2 … 11 என்ற இடங்களில் என்று வைத்துக்கொண்டு, இந்த 12 இடங்களும் பூச்சியங்களாக ஒரே கோவை எழுதச் சொல்லுங்கள். கெட்டிக்காரப் பையன் உடனே x(x − 1)(x − 2)…(x − 11) என்பான். வரைந்து பார்த்தால் ஒரு வளைவு மேலே, அடுத்தது தண்ணீருக்குள்ளே, அதற்கடுத்தது மேலே. ஒவ்வொரு பூச்சியமும் ஒற்றை மடங்கு, அதனால் ஒவ்வொரு தூணிலும் கோடு அச்சை வெட்டிக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது. எல்லாம் மேலேயே நிற்க வேண்டுமானால் நடுவில் உள்ள பத்துத் தூண்களும் இரட்டை மடங்காக வேண்டும்: x(11 − x)(x − 1)²(x − 2)²…(x − 10)². படி 22.

அப்படியும் பாலம் தேறாது. முதல் வளைவின் நடுவிலும் (x = 0.5) ஆறாவது வளைவின் நடுவிலும் (x = 5.5) மதிப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓர வளைவு நடு வளைவை விடச் சுமார் 93,000 மடங்கு உயரம் வரும். ஓரத்தில் நிற்கும்போது மற்றத் தூண்கள் எல்லாம் தூரத்தில் இருப்பதால் ஒவ்வொரு காரணியும் பெரிய எண்ணாகி, வர்க்கமாகி, பெருக்கிக்கொண்டே போகிறது. a-யை எவ்வளவு மாற்றினாலும் இந்த விகிதம் அசையாது, ஏனென்றால் a எல்லா இடத்தையும் ஒரே அளவில்தான் நீட்டும். ஆகவே இந்த மாதிரி இடத்தில் ஒரே கோவைக்கு ஆசைப்படாமல், வளைவுக்கு ஒன்றாக h(x − k)(k + 1 − x) என்று 11 சிறு இருபடிகளை அடுத்தடுத்து வைக்க வேண்டும். h எல்லாவற்றுக்கும் ஒன்றே, k மட்டும் 0-விலிருந்து 10 வரை மாறும்.

பெரிய படிக் கோவையை விரித்து எழுதுவதிலும் ஓர் ஆபத்து உண்டு, கணினியில் போட்டுப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். 1 முதல் 20 வரை முழு எண்கள் பூச்சியங்களாக உள்ள (x − 1)(x − 2)…(x − 20) என்ற கோவையை ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்கின்சன் ஆராய்ந்தார். விரித்தால் x¹⁹-இன் கெழு −210. அதை −210.0000001192 என்று ஒரு துளி மாற்றினால், 16, 17 என்ற பூச்சியங்கள் மறைந்து 16.73 ± 2.81i என்று கலப்பெண் சோடியாகிவிடுகின்றன. கெழுவில் பத்தாவது இலக்கத்தில் நடந்த மாற்றம் பூச்சியத்தை மெய்க்கோட்டை விட்டே துரத்திவிடுகிறது. பூச்சியங்கள் கையில் இருக்கும்போது காரணி வடிவத்தை விரிக்காமலேயே வைத்துக்கொண்டு மதிப்புகளைக் கணக்கிடுங்கள். தேர்வில் ‘விரித்து எழுதுக’ என்று கேட்டால் மட்டும் விரித்தால் போதும்.

அடுத்த தாளுக்கு ஒரு வினா தருகிறேன். P ஒரு முப்படிக் கோவை. P(1) = P(2) = P(3) = 5, P(4) = 17 என்றால் P(x) என்ன? பூச்சியம் ஒன்றுகூடச் சொல்லவில்லை என்று தோன்றும். P(x) − 5-ஐப் பார்க்கச் சொல்லுங்கள், அதன் பூச்சியங்கள் 1, 2, 3. ஆக P(x) = a(x − 1)(x − 2)(x − 3) + 5. x = 4 போட்டால் 6a + 5 = 17, a = 2. விரித்தால் 2x³ − 12x² + 22x − 7. −7-க்குப் பதில் −12 என்று எழுதி வருபவர்கள் அந்த 5-ஐத் திரும்பச் சேர்க்க மறந்தவர்கள். 5-ஐயும் சேர்த்து a-யால் பெருக்கியவர்களுக்கு −2 வந்திருக்கும்.